எங்கள் குசினிக்கு வந்த சைவக் கடை

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய் வெளியில் சாப்பிடுகிறோம். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சைவக் கடை. வாசலில் கண்ணாடி அலுமாரிக்குள் வடையும் சூசியமும் அடுக்கியிருக்கும். மூத்தவள் நெய்த்தோசை கேட்பாள். இளையவனுக்கு எது வந்தாலும் சரி, கடைசியில் ஐஸ்கிறீம் இருந்தால் போதும். போன முறை மகள் சாம்பாரை விரலால் வழித்து முடித்துவிட்டு, "அம்மா, கோவிக்காதேங்கோ. உங்கடை சமையலிலும் பாக்க இது நல்லாயிருக்கு" என்றாள்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கடைச் சாப்பாட்டைக் குறைவாக நினைக்கிற வீட்டில்தான் நான் பிறந்தேன். ஆனால் என் பதினோராவது வயதில் ஒரு சைவக் கடையே அம்மா சமைக்கிற எங்கள் குசினிக்குள் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் நடந்தது. அதை நடத்தியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. பிள்ளைகள் அவரை அறிவார்கள். அந்த இரண்டு மாதத்தை அறியமாட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைச் சொல்லத் தொடங்கினேன். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு அச்சுவேலிச் சந்தையிலிருந்து ஒன்றரை மைல் கட்டை தள்ளி, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா வெங்காயம், புகையிலை, மிளகாய் என்று மாறி மாறிச் செய்வார். வேலி ஓரமாகக் கத்தரியும் பயற்றங்காயும் வீட்டுத் தேவைக்கு. எங்கள் பக்கத்தில் அப்போது ஒருவர் தோட்டத்தில் மற்றவர் போய் வேலை செய்து கொடுப்பது வழக்கம். இன்று எங்கள் நடுகை என்றால் நாலைந்து பேர் வருவார்கள், நாளை ஐயா அவர்கள் தோட்டத்துக்குப் போவார். வேலை எவர் தோட்டத்திலோ, சாப்பாடு அவர் வீட்டில். ஆகவே அம்மாவின் அடுப்பு எப்போதும் பத்துப் பேருக்கு எரிந்தது.

அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னமும் என் நாக்கில் இருக்கிறது. காலையில் பழஞ்சோற்றுக்குள் மோரும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து அம்மா திரணையாக உருட்டிக் கையில் வைப்பார். மத்தியானம் சோறும், அன்று காலை பிடுங்கிய கத்தரிக்காயில் பால்கறியும், முருங்கையிலை வறையும். இரவில் குரக்கன் மாப் புட்டு. எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் சாப்பிடுகிற ஒழுங்கு ஒன்று இருந்தது. முதலில் ஐயாவும் வேலைக்கு வந்தவர்களும். பிறகு அண்ணையும் நானும் தங்கச்சியும். கடைசியில் அம்மா. அதுவும் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. கறிச்சட்டிக்குள் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்படியில் குந்தியபடி நாலு வாய். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும்.

வெங்காய நடுகை தொடங்கிய கிழமை அம்மா கிணற்றடியில் பாசியில் வழுக்கி விழுந்தார். வலக்கை முழங்கைக்குக் கீழே முறிந்துவிட்டது. முறிவு வைத்தியர் வந்து மருந்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிலாகை வைத்துக் கட்டினார். கையை அசைக்கக் கூடாது, அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்றார். அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாளைக்கு நடுகைக்கு ஆறு பேர் வருகினம். ஆர் சமைக்கிறது?"

வைத்தியர் என்னைப் பார்த்தார். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், சம்பல் இடிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. முதல் நாள் பக்கத்து வீட்டில் இருந்து புட்டு வந்தது. இரண்டாம் நாள் காலை மாமா தன் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்த ஒரு நீளக் கத்தியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும், கலியாணம் ஆகவில்லை. பன்னிரண்டு வருசம் மலைநாட்டுப் பட்டினம் ஒன்றில் சைவக் கடையில் இருந்துவிட்டு, அந்தப் பக்கம் நிலைமை சரியில்லை என்று அதற்கு முந்தின வருசம்தான் ஊருக்கு வந்திருந்தார். எங்களோடு தங்கி ஐயாவுக்குத் தோட்டத்தில் உதவினார். உதவி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மண்வெட்டி பிடித்த மூன்றாம் நாள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பாத்திக்குத் தண்ணீர் கட்டச் சொன்னால் வரம்பை உடைத்துவிடுவார். ஐயா அவரை ஏசமாட்டார். "மனேச்சர் கொஞ்சம் ஓரமாய் நில்லும்" என்று மட்டும் சொல்வார். மாமா அந்தக் கடையில் மனேச்சராக இருந்தவர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாராம்.

அம்மாவைக் குசினி வாசலில் பாயில் இருத்தியிருந்தோம். அம்மா காய் நறுக்குவது நிலத்தில் இருந்து, காலால் மிதித்துக்கொள்ளும் அரிவாளில். மாமா நின்றபடி, பலகையில் வைத்து வெட்டினார். எங்கள் வெங்காயம் சின்னது, உரித்து வெட்டுவது பெரிய வேலை. அவர் கைக்குள் அது என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. நான் ஒரு தேங்காய்ப் பாதியைத் திருவி முடிக்க முன்னர் ஒரு சுளகு வெங்காயம் முடிந்திருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார்.

"என்னக்கா?"

"நீ மனேச்சராய் இருக்கிறன் எண்டெல்லோ எழுதினனி?"

கத்தி நின்றது. மாமா திரும்பவில்லை. "முதல் வருசம் கோப்பை கழுவினன். பேந்து மரக்கறி வெட்டினன். கடைசி எட்டு வருசம் நான்தான் பெரிய கோக்கி."

"ஏன் இதை எனக்கு மறைச்சனி?"

"கோக்கியின்ரை அக்கா எண்டு ஆரும் உங்களைச் சொல்லிப்போடுவினம் எண்டு யோசிச்சன்."

இங்கே கோக்கி என்றால் சமையற்காரன். தோட்டமும் துரவும் உள்ள ஒரு வீட்டுப் பிள்ளை கடையில் போய் அடுப்பு ஊதினான் என்று சொல்வது எங்கள் ஊரில் அப்போது சின்ன விசயம் இல்லை. அம்மா அழுவாரோ என்று நான் பயந்தேன். அம்மா தலையை நீட்டி அடுப்பைப் பார்த்தார். பிறகு, "தாளிதம் கருகப்போகுது, அதைப் பார்" என்றார். மாமா அடுப்புப் பக்கம் திரும்பினார். அவர் தோள் இரண்டும் இறங்கியதை நான் பின்னாலிருந்து கண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடை திறந்தது. மாமாவுக்குச் சத்தம் போடாமல் சமைக்க வராது. "சோறு ரெண்டு, பருப்பு ஒண்டு, வறை ஒண்டு" என்று ஒருவரும் இல்லாத குசினியில் கூவிவிட்டு, தானே "ஓம், வருது" என்று பதிலும் சொல்வார். தங்கச்சி அதைக் கேட்கவே குசினியைச் சுற்றித் திரிந்தாள். விடிய முன்னர் எழும்பி, முந்தின நாள் நான் ஆட்டுக்கல்லில் அரைத்து வைத்த மாவில் தோசை சுட்டு, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு தோட்டத்துக்கே கொண்டுபோனார். நடுகைக்கு ஆட்கள் வழக்கத்தை விட நேரத்தோடு வரத் தொடங்கினார்கள். ஏன் என்று ஐயாவுக்கு விளங்கியது.

மாமா சமைத்த முதல் நாள் மத்தியானம் சாம்பார் வைத்தபோது ஐயா கோப்பைக்குள் பார்த்தார்.

"உது என்ன குழம்பு?"

"சாம்பார், அத்தான்."

"பருப்பைக் கரைச்சுப்போட்டீர்."

அவ்வளவுதான். ஆனால் மூன்று முறை விட்டுக்கொண்டார்.

அதே நாள்தான் அம்மாவின் சாப்பாடும் நடந்தது. எல்லோரும் முடிக்கட்டும் என்று அம்மா வழக்கம்போல இருந்தார். மாமா விடவில்லை. ஐயாவின் கதிரையைக் குசினி வாசலில் போட்டு, ஒரு முக்காலியை முன்னால் வைத்து, வாழையிலை விரித்தார். ஆவி பறக்கிற சோற்றைப் போட்டுக் கறிகளைச் சுற்றி வைத்தார்.

"கை முறிஞ்ச வருத்தக்காரர்தான் முதல் சாப்பிட வேணும், வாங்கோ."

அம்மா கதிரையில் இருந்தாரே தவிரக் கையை நீட்டவில்லை. வலக்கை கழுத்தில் தொங்கியது. நான் ஊட்டிவிடுகிறேன் என்றேன். "நான் உனக்கு ஊட்டினனான். நீ எனக்கு ஊட்டுற காலம் இன்னும் வரேல்லை" என்றார். இடக்கையால் சாப்பிடுவது என்பதை அவர் நினைத்தும் பார்க்கமாட்டார். மாமா உள்ளே போய்த் தன் பெட்டியைக் கிளறி ஒரு வெள்ளிநிறக் கரண்டியைக் கொண்டுவந்தார். கடையிலிருந்து விலகும்போது அங்கிருந்தவர்கள் கொடுத்ததாம். அதை அம்மாவின் இடக்கையில் வைத்தார்.

"இடக்கையாலை சாப்பிடுறதோ?" என்றார் அம்மா.

"கையாலை இல்லையக்கா. கரண்டியாலை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் கரண்டி பாதி இலையிலேயே சிந்தியது. இரண்டாவது வாய்க்குப் போனது. நெருப்பு மாதிரிச் சுட்டிருக்க வேண்டும், வாயைத் திறந்து ஊதினார். பிறகு அவசரமில்லாமல், ஒவ்வொரு கறியாகத் தொட்டுச் சாப்பிட்டார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். இலை பாதி காலியானதும் அம்மா நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

அப்படி ஒரு வசனத்தை அம்மா சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மற்றவர்கள் அவரிடம் சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன். மாமா ஓடிப்போய்ச் சோற்றுப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஐயாவுக்கு இது உடனே பிடித்தது என்று சொன்னால் பொய். நாலைந்து நாள் கழித்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஆம்பிளை குசினிக்கை, பொம்பிளை கதிரையிலை. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கிறவையை வந்து சமைச்சுத் தரச் சொல்லுங்கோ," என்றார் அம்மா.

நடுகையின் கடைசி நாள் ஒருவரும் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கே விதை வெங்காயத்தை நட்டு முடிக்க வேண்டும் என்று எல்லோரும் நனைந்தபடி நின்றார்கள். மத்தியானம் மாமா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சோற்றுப் பானையையும் கறிச்சட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் மூடித் தள்ளிக்கொண்டு போனார். நானும் இலைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். செம்மண் சேற்றில் சில்லு புதையும். அவர் குனிந்து தோளால் தள்ளுவார். தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய்ச் சேர்ந்தபோது அவர் உடம்பில் காய்ந்த இடம் ஒன்றும் இல்லை. சோறு சூடாக இருந்தது. ரசம் அதைவிடச் சூடாக இருந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு நின்ற ஆட்களுக்கு முதலில் அதைத்தான் கொடுத்தார்.

பக்கத்துத் தோட்டக்காரரும் மழைக்கு எங்கள் கொட்டிலில் ஒதுங்கியிருந்தார். அவர் ஐயாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எங்களுக்குப் பெரியப்பா. ஊர்க் கதை எல்லாம் அவர் வாயில் இருக்கும். எல்லோருக்கும் கேட்கத் தக்கதாகக் கேட்டார்.

"உன்ரை வீட்டிலை இப்ப மச்சான்தானாம் கோக்கி. உண்மையோ?"

கொட்டிலுக்குள் எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அகப்பையைப் பிடித்தபடி நின்றார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துண்டால் துடைத்தார்.

"ஓம் அண்ணை. நல்லாய்ச் சமைக்கிறார். இருங்கோ, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

பெரியப்பா இருந்தார். சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறையும் வாங்கினார். ஐயா அதோடு விடவில்லை. ஆட்களுக்குப் பரிமாறி முடிந்ததும் மாமாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டு, "இனி நீர் இரும்" என்றார். மாமா மறுத்தார். ஐயா ஓர் இலையைக் கீழே போட்டு அவர் தோளைப் பிடித்து இருத்திவிட்டு, தானே சோறு போட்டார். ஐயா ஒருவருக்குச் சோறு போட்டதை அன்றுதான் கண்டேன். எவ்வளவு போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இலை கொள்ளாமல் குவித்துவிட்டார். மாமா அவ்வளவையும் குனிந்தபடி சாப்பிட்டார். கண்ணில் இருந்தது மழைத் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் ஆகப்போக, அம்மாவின் கைக்கட்டை அவிழ்த்தபோது கை கொஞ்சம் வளைந்துதான் பொருந்தியிருந்தது. அம்மாவுக்கு அது பெரிதில்லை. நேரே குசினிக்குள் போனார். உப்புப் போத்தல் இருந்த இடத்தில் மிளகாய்த் தூள், மிளகாய்த் தூள் இருந்த இடத்தில் புளி. ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பார் எப்பிடி வைக்கிறது எண்டு சொல்லு," என்றார் அம்மா. "புட்டை மட்டும் நீ தொடக் கூடாது. உனக்கு அது வராது."

அது உண்மை. மாமாவின் புட்டு கல்லு.

அன்று மத்தியானம் அம்மாவே சமைத்தார். ஐயா சாப்பிட இருந்தார். அம்மா போட்டார். ஐயா கை வைக்கவில்லை.

"என்ன, உப்புப் பத்தாதோ?"

"நீரும் இரும்."

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பேந்து."

"நீர் இருந்தால்தான் நான் சாப்பிடுவன்."

அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். பிறகு சோற்றுப் பானையையும் சட்டிகளையும் இழுத்து நடுவில் வைத்துவிட்டு, தன் கோப்பையை எடுத்துக்கொண்டு ஓரமாக இருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் சுற்றி இருந்து சாப்பிட்டோம், தேவையானதை அவரவர் எடுத்துப் போட்டோம். ஐயாவின் வாயிலிருந்து அதற்கு ஒரு காரணமும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதிகம் பேசாத மனிதர் தன் வீட்டு ஒழுங்கு ஒன்றை இரண்டு வசனத்தில் மாற்றினார் என்பதை நினைக்க இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வெங்காயம் கிண்டி முடிந்த பிறகு ஒரு பின்னேரம் ஐயா மாமாவைக் கூப்பிட்டார்.

"தோட்டம் உமக்குச் சரிவராது."

மாமாவின் முகம் சுருங்கியது. "ஓம் அத்தான். தெரியும்."

"சந்தைக்குப் பக்கத்திலை என்ரை சிநேகிதரின்ரை வளவு ஒண்டு சும்மா கிடக்கு. கேட்டனான், ஓம் எண்டவர். அதிலை ஒரு கடை போடும். கூரை வளைக்குப் பனை ரெண்டு தறிப்பம். மேயக் கிடுகு வீட்டிலை இருக்கு."

நடுகைக்கு வந்த அதே ஆட்கள்தான் கொட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மாமாவின் தோசையில் ஒரு கண் இருந்தது. கத்தரிக்காயும் வெங்காயமும் மிளகாயும் எங்கள் தோட்டத்திலிருந்து போவது என்று முடிவானது. பெரியப்பா ஆட்கள் இருக்க இரண்டு நீள மர வாங்கில் கொண்டுவந்து போட்டார். தான் முந்திக் கேட்ட கேள்வியைப் பற்றி அவர் பேசவில்லை. மாமாவும் அவரிடம் வித்தியாசம் காட்டவில்லை. கடையின் முதல் தேத்தண்ணியை அவருக்குத்தான் கொடுத்தார்.

கடை திறந்த காலை அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்களோடு நடந்து வந்தார். அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைக்கமாட்டார்கள். சந்தைக்குக் காய் கொண்டுவருகிற பெண்கள் விடியற்காலை தொடக்கம் வெயில் ஏறும்வரை பசியோடு இருந்து விற்றுவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் ஏதாவது வாயில் வைப்பார்கள். மாமா அம்மாவுக்கென்று பின்பக்கத்தில் சேலையால் மறைத்து ஓர் இடம் ஒழுங்கு பண்ணியிருந்தார். அம்மா அதை எட்டிப் பார்த்தார்.

"அங்கை புகையாய் இருக்கு," என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்தபடி முன் வாங்கிலில் போய் இருந்தார்.

தோசை வந்தது. அம்மா வலக்கையால், அந்த வளைந்த கையால், ஆறுதலாகப் பிய்த்துச் சாப்பிட்டார். தெருவில் போன ஆண்கள் பார்த்தார்கள். எதிரில் கத்தரிக்காய்க் கடகத்தோடு இருந்த மனிசி ஒருவரும் பார்த்தார். அம்மா அவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. அடுத்த சந்தை நாள் அம்மா தானே எங்கள் காயைக் கொண்டுபோய், அவருக்குப் பக்கத்தில் வைத்து விற்றார். பத்து மணிக்கு எழும்பி, "வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனார். பிறகு மூன்று பேர் ஆனார்கள், பிறகு ஐந்து பேர்.

மாமா அதற்கடுத்த வருசம் கலியாணம் செய்தார். மாமி பள்ளிக்கூடத்து ஆசிரியை. அடுப்புப் பக்கம் அவருக்கு ஆர்வம் இல்லை, மாமாவுக்கு அது குறையாகத் தெரியவும் இல்லை. கிடுகுக் கூரை போய் ஓடு வந்தது, கல் மேசை வந்தது. நான் பெரிய வகுப்புப் படிக்கிற காலத்தில் சந்தை நாட்களில் கடைக்குப் போனால் முன் வாங்கில் இரண்டிலும் கடகங்களைக் காலடியில் வைத்தபடி பெண்கள் நெருக்கி இருந்து, வடையைப் பிய்த்துக்கொண்டு, சத்தமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் இடமில்லாமல் பின்பக்கம் போய், புகைக்குள் இருந்து சாப்பிட்டார்கள்.